பன்னிரண்டு ஸிலிண்டர் மௌனம்

தானியங்கித் தறி கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ஸாகிச்சி டொயோடா 1867-ம் வருஷம் பிறந்தவர். அவருடைய நூற்றாண்டின் ஞாபகார்த்தமாக 1967-ல் டொயோட்டா கம்பெனியார் வெளியிட்ட மோட்டார் வண்டிக்குச் 'சென்சுரி' என்று பெயர். தச்சர் மகன் ஒருவருடைய நினைவுச் சின்னத்தில் ஜப்பானிய மந்திரிகளும் தனவந்தர்களும் ஏறிச் சென்றது வேடிக்கைதான்!

முதல் வண்டிக்கு மூன்று லிட்டர் எஞ்சின், எட்டு ஸிலிண்டர். முப்பது வருஷத்தில் எஞ்சின் நான்கு லிட்டராக வளர்ந்ததே தவிர, வண்டியின் தோற்றம் அதிகம் மாறவில்லை. வருஷந்தோறும் வேஷம் மாற்றும் வண்டிகளுக்கிடையே இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1997-ல் ஐந்து லிட்டர், பன்னிரண்டு ஸிலிண்டர்! வேகத்தை உத்தேசித்தா? இல்லை. ஆறு ஸிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்தால் அவற்றின் அதிர்வுகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அத்தகைய இரண்டு வரிசைகளைச் சாய்த்துச் சேர்த்தால், எஞ்சின் ஓடுவதே பின்னாசனத்தில் அமர்ந்தவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. ஒன்று பழுதுபட்டாலும் மற்றது வண்டியை வீடு சேர்க்கும். ஆசனங்களுக்குத் தோலைவிடக் கம்பளித் துணியைப் பலர் விரும்பியதும் நிசப்தத்தை முன்னிட்டே. தோல் உராய்ந்தால் சத்தம் எழும் அல்லவா?

2018-ல் வந்த வண்டியில் மறுபடியும் எட்டு ஸிலிண்டர். துணைக்கு மின்சார மோட்டார். பெட்ரோல் செலவு வெகுவாகக் குறைந்தது. மெதுவாகச் செல்கையில் எஞ்சின் அடியோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டு ஸிலிண்டர்கள் பாடுபட்டுச் சாதித்த மௌனத்தை, ஓடாத எஞ்சின் சுலபமாகத் தந்துவிட்டது. சிக்கனத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் என் ஓட்டு 1997-ம் வருஷத்து வண்டிக்கே.