ஒலிவாங்கிக்குள் ஓர் அழையா விருந்தாளி

எண்பது வயதைத் தாண்டிய அண்ணாவியார் ஒருவரை இருத்தி, அவர் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்த நாட்டுக்கூத்துப் பாடல்கள் பதினொன்றைக் காணொளியாகப் பதிவு செய்தோம். மாணவர் இருவர் ஒளிப்பதிவுக் கருவியைக் கவனித்தனர். பெரியவர் மனங்கோணாது இரண்டு மணி நேரம் பாடினார். மூன்று மாதங்களில் அவர் காலமானார். அதன் பின்னர்தான் பதிவை நாம் முழுமையாகக் கேட்டோம். மூன்று பாடல்களில் அவர் குரலின் மீது 'டிக்டிக், டிக்டிக், பர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்திருந்தது.

குற்றவாளி அவர் மடியிலேயே இருந்தது. வேட்டி மடிப்பில் செருகியிருந்த கைத்தொலைபேசியை உரசிக்கொண்டு, சட்டையிற் குத்திய சிறு ஒலிவாங்கியின் கம்பி சென்றிருக்கிறது. அதைப் பாராதவர் நாமே.

காதுக்குக் கேளாத வானொலி அலை எவ்வாறு ஓசையாயிற்று என்று மாணவர் வினவினர். நல்ல வினா. செக்கனுக்கு ஏறத்தாழ 90 கோடி முறை அதிரும் அலையை எச்செவியும் கேளாது. ஆனால் இரண்டாந் தலைமுறைத் தொலைபேசி அவ்வலையை இடைவிடாது அனுப்புவதில்லை. செக்கனுக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. ஒலிவாங்கி தருவதோ வோல்ற்றின் ஆயிரத்திற் சில பங்கு. அதனைப் பன்மடங்கு பெருக்கும் குறைகடத்திச் சந்தி, எதிர்பாராது வந்த அலையையும் சீராக்கி, அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துவிடுகிறது. மின்கலமே இன்றி ஒரு பளிங்குத் துண்டைக் கொண்டு நம் பாட்டன்மார் வானொலி கேட்டதும் இந்த வித்தையால்தான்! அன்று விரும்பிச் செய்தது, இன்று வேண்டாமலே நிகழ்கிறது.

நான்காந் தலைமுறைத் தொலைபேசிகளில் இத்தொல்லை குறைவு. எனினும் அலை மங்கிய ஊர்களில் அவை பழைய முறைக்கு இறங்கக்கூடும். கோபுரம் தொலைவில் இருந்தால் வலுவையும் கூட்டிக்கொள்ளும். பழைய முறையில் அவ்வலு 2 வாற்று வரை செல்லும். மணியோசையை மட்டும் அடக்கிவைத்துவிட்டு நிம்மதி அடைவோர் பலர். அதனாற் பயனில்லை. எவரும் அழையாத போதும் தொலைபேசி தன் இருப்பைக் கோபுரத்துக்கு அவ்வப்போது அறிவித்துக்கொண்டேயிருக்கும். விமானப் பயன்முறையில் இடுக; அன்றேல் முற்றாக நிறுத்துக. தொலைபேசியே ஒளிப்பதிவுக் கருவியாயின் அதற்கும் இவ்விதி பொருந்தும்.

அடுத்தது வடம். நாம் பயன்படுத்தியது ஒற்றைக் கம்பியும் அதைச் சுற்றிய உறையுங் கொண்ட மலிவான ஆறு மீற்றர் நீட்டுவடம். அது ஏரியலாகவே தொழிற்பட்டது. இரு கம்பிகளை முறுக்கி, அவற்றின் மேல் உறை போர்த்திய சமநிலை வடத்தில், வெளியிலிருந்து புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறும். கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்து, குரல் மிஞ்சும். ஆயினும் அவ்வடத்தின் நுனியிற் சிறிய செருகியைப் பொருத்திச் சாதாரண ஒளிப்பதிவுக் கருவியிற் சொருகினால் அந்த நன்மை அங்கேயே போய்விடுகிறது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

உறையின் முனை எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். அது கருவியின் உலோகக் கூட்டுடன் நேரே இணைய வேண்டும். உள்ளே சுற்றின் வழியாகச் சுற்றிச் சென்றால், உறை பிடித்த இரைச்சலை அதுவே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். நீல் மன்சி என்ற ஒலிப் பொறியியலாளர் 1995இல் இதை விளக்கி எழுதினார். கருவியைப் பிரித்துப் பார்க்க இயலாதோர், வடம் கருவிக்குள் நுழையுமிடத்தில் பெரைற்று வளையம் ஒன்றை மாட்டி, வடத்தை அதனூடே மூன்று நான்கு சுற்றுச் சுற்றலாம். 

இடையறாத 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால் தொலைபேசியைப் பழிக்க வேண்டா. அது 50 சுழற்சி வீட்டு மின்சாரத்தின் வேலை. ஒலி வடத்தை மின்வடத்தோடு சேர்த்துக் கட்டாமல், கடக்க வேண்டிய இடத்திற் குறுக்காகக் கடக்கவிட்டாற் பெரிதும் தணியும்.

எல்லாவற்றுக்கும் முன்னர், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்து கேட்க வேண்டும். நாம் செய்யத் தவறியது இதுவே. பின்னர் கணினியிற் கழுவிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. 217ம் அதன் மடங்குகளும் மனிதக் குரலின் பரப்பெங்கும் சிதறிக் கிடப்பவை. மாணவர் ஒருவர் பொறுமையுடன் அவற்றை வடிகட்டிப் பார்த்தார்; அண்ணாவியார் குடத்துக்குள் இருந்து பாடுவது போலாயிற்று. கெட்ட பதிவையே அப்படியே வைத்திருக்கிறோம்.

அண்ணாவியாருக்கு மத்தளம் வாசித்தவர் இன்னும் இருக்கிறார். அம்மூன்று பாடல்களின் மெட்டு அவருக்கு ஓரளவு நினைவுண்டாம். வரும் விடுமுறையில் அவரிடம் செல்கிறோம். வாசலில் வைக்க ஓர் ஓலைப்பெட்டியும் கொண்டுபோகிறோம். முதலில் அதற்குள் விழப்போவது எமது தொலைபேசி.