உதைக்கும் துப்பாக்கி!

சுட்டால் துப்பாக்கி உதைக்கும். தோட்டாவின் பலம் கூடினால் உதையும் கூடும்.

1986-ல் அமெரிக்காவின் மியாமி பகுதியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில், எப்.பி.ஐ. துப்பறியும் அதிகாரிகள் 2 பேர் மாண்டனர். தோட்டாவின் பலம் போதாது என்று இலாகா கருதியது. 10 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது. அதன் உதையைப் பலரால் சமாளிக்க முடியவில்லை. படிப்படியாக இறங்கி, 2016-ல் 9 மி.மீ. துப்பாக்கிக்கே திரும்பியது.

பலம் இருந்து என்ன பயன்? குறி தப்பிய குண்டு வழியில் போகிறவர் மீதும் பாயுமே!

புதிதாக வாங்குகிறவர் துப்பாக்கியைக் கையில் தூக்கிப் பார்த்தால் போதாது. பயிற்சிக் கூடத்தில் தொடர்ந்து 5 முறையாவது சுட்டுப் பார்க்கவேண்டும். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு துப்பாக்கி சாது என்று எண்ணக்கூடாது. எடை குறைந்தால் உதை அதிகம்!

பைக்கு அடங்குவது அல்ல; கைக்கு அடங்குவதே நல்ல துப்பாக்கி.