புல்வாயும் காந்தளும்

கிண்டியினின்று தாம்பரம் கடந்து வண்டலூர்வரை பரந்த புதர்நிலத்தின் பழங்குடிகளுள், இயங்குதிணையிற் சிறந்தது புல்வாய். நிலைத்திணையிற் சிறந்தது காந்தள். இப்பெயர்களைக் கேட்டு விழிக்கும் தமிழன், 'பிளாக்பக்' என்றதும் தலையாட்டுகின்றான். 'கிருட்டிணமிருகம்' என்றாலோ கைகூப்பவும் செய்கின்றான்!

தொல்காப்பியர் மரபியலில் புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை எனப் பெயர் வரையறுத்தார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களுள் காந்தளையே முதற்கண் வைத்தார். இவற்றுக்குக் கடன்பெயர் எற்றுக்கு?

இரண்டுக்கும் ஓர் ஒப்புமை உண்டு. ஆண்புல்வாய் இளமையிற் பழுப்பாய் இருந்து, முதிர முதிரக் கருக்கும். காந்தளிதழ் பசுமஞ்சளாய் விரிந்து, நாட்செல்லச் செந்தீயாகும். இரலைக்கு முறுக்குக்கொம்பு, காந்தளுக்கோ இலைநுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருளும்.

பாலூட்டும் விலங்கும் வேலிக்கொடியும் நிகராமோ என்பர் சிலர். அறிவின் அளவால் உயிர்களை வகுத்த தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றாரேயன்றி, உயிரன்று எனத் தள்ளினாரல்லர். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டமோ புல்வாயை முதற்பட்டியலில் ஏற்றிற்று. நிலைத்திணைக்கெனத் தனிப்பிரிவு சேர்ந்ததே 1991-இல்தான். அன்று பட்டியலேறியவை ஆறே. காந்தள் அவற்றுள் இல்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்னும் பட்டம் மட்டும் அதற்கு உண்டு! மனைப்பிரிவுக்காகப் புதர் அழிக்கப்படும்போது மானுக்கு ஓடக் காலுண்டு. மண்ணுள் உறங்கும் கிழங்கு மண்வாரிப் பொறியின் வாயில் மண்ணோடு மண்ணாய்ப் போகும்.

காக்கப்பட்ட மானேனும் நன்கு வாழ்ந்ததா? ஆளுநர் மாளிகைக் காடாயிருந்து 1978-இல் நாட்டுப் பூங்காவாக்கப்பட்ட கிண்டியின் பரப்பு ஏறத்தாழ 270 எக்டேர். அங்கே மரமும் முட்புதரும் அடர, வெட்டவெளிப் புல்தரை சுருங்கிற்று, புல்வாயும் அருகிற்று. மரம் நடுதலே காடு காத்தல் என மயங்கியோர்க்குப் புல் வீண்நிலமாகவே பட்டது. அவ்விலங்கிற்கு வேண்டுவது யாது என்பதை அதன் தமிழ்ப்பெயரே உரக்கச் சொல்லவில்லையா? 'பிளாக்பக்' என்பதில் நிறம் உண்டு. புல் எங்கே உண்டு? வேற்றுப்பெயர் புகுந்ததால் தமிழர் இழந்தது ஒரு சொல்லை மட்டுமன்று. அச்சொல்லுள் முன்னோர் பொதிந்து வைத்த நிலநூலறிவையும் சேர்த்தே.

தாம்பரத்துப் பள்ளிப்பிள்ளைகளைக் கிண்டிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அம்மான்முன் நின்று 'புல்வாய்' என்று வாய்விட்டுச் சொல்விக்கட்டும். கார்காலமாயின் வேலியோரக் காந்தளையும் காட்டட்டும். அதன் கிழங்கு கொடுநஞ்சு, தொடற்க என்பதையும் மறவாது சொல்லட்டும்.