எந்த அமைச்சகத்தின் குழந்தைகள்?

1885இல் பம்பாயில் காது கேளாத குழந்தைகளுக்கும், 1887இல் அமிர்தசரஸில் பார்வையற்றோருக்கும் பள்ளிகள் திறக்கப்பட்டன. திறந்தவர்கள் கிறித்தவ மிஷனரிகள். ஊனத்தை முன்வினைப் பயன் என்று சொல்லி, குழந்தையை வீட்டின் மூலையில் முடக்கிய சமூகத்தில் அது பெரும் காரியம். அதைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. ஆனால் காலனி அரசு அந்தக் கல்வியைத் தன் பொறுப்பாக ஏற்கவில்லை. தர்மமாகத் தொடங்கியது தர்மமாகவே தொடர்ந்தது.

விடுதலைக்குப் பின் கோத்தாரி குழு (1964-66), இக்குழந்தைகளை இயன்றவரை பொதுப் பள்ளிகளிலேயே சேர்க்கப் பரிந்துரைத்தது. மனிதாபிமானத்திற்காக மட்டுமல்ல, பயன் கருதியும் இது தேவை என்று அது வாதிட்டது. மனிதரைப் பயனால் அளக்கும் அந்த அளவுகோல் நமக்கு உவப்பானதல்ல, பரிந்துரை சரியானதே. ஆயினும் 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தபோது, அது கல்வித் துறையிடம் தரப்படவில்லை. சமூக நலத் துறையிடம் தரப்பட்டது. கல்வித் துறைக்கு மாற எட்டாண்டுகள் ஆயின. சிறப்புப் பள்ளிகளோ இன்றும் சமூக நீதி அமைச்சகத்தின் மானியத்தை எதிர்பார்த்து, தொண்டு நிறுவனங்களின் கையில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. ஏனைய குழந்தைகளுக்குக் கல்வி அமைச்சகம், இவர்களுக்கு நலத்துறை. இந்தப் பாகுபாடு நிர்வாக வசதிக்காக மட்டும் வந்ததா?

1995ஆம் ஆண்டுச் சட்டமும், 21 வகை ஊனங்களை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றுத்திறனாளிகள் வீதியில் இறங்கிப் போராடிப் பெற்றவை. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி இன்று சட்டப்படியான உரிமை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான 2.68 கோடிப் பேரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் எழுத்தறிவற்றவர்கள்.

தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 மாணவருக்கும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. பணியிடங்களை உருவாக்கி நிரப்புமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத் தொழிலாளிகளாக, பள்ளி பள்ளியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பலர் இன்றும் அப்படித்தான்.

ஒன்றிய அரசு தாராளமாக வழங்கியது பெயரை மட்டுமே. ‘திவ்யாங்’, அதாவது தெய்வீக உறுப்புடையோர். அமைப்புகள் எதிர்த்தும் 2016இல் துறையின் பெயரிலேயே அது சேர்க்கப்பட்டது. முன்வினை என்ற பழைய பேச்சு மெருகேறித் திரும்பியிருக்கிறது.

நம் கிளைகள் தத்தம் பகுதி அரசுப் பள்ளிகளுக்குச் சென்று, இத்தகைய மாணவர் எத்தனை பேர், நிரந்தரச் சிறப்பாசிரியர் எத்தனை பேர், சாய்தளமும் கழிப்பறையும் உண்டா என்று கணக்கெடுக்க வேண்டும். பள்ளிக்கே வராத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்ல வேண்டும். அந்தப் பட்டியலோடுதான் மாவட்டக் கல்வி அதிகாரியின் முன் நாம் நிற்க முடியும்.