கட்டாயச் சேவை: மம்பட்டி யார் கையில்?

இளைஞர்கள் எல்லோரும் ஓராண்டு நாட்டுக்குச் சேவை செய்யணும், சட்டம் போட்டே செய்ய வைக்கணும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. பழைய பேச்சுதான். 1959-ல் அமைந்த சி.டி. தேஷ்முக் குழு, பள்ளி முடித்தவர்கள் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயச் சேவை செய்ய வேண்டும் என்றது. அது நடக்கவில்லை. 1969-ல் வந்த நாட்டு நலப்பணித் திட்டம் விரும்பிச் சேருகிற மாணவர்களோடு நின்றது.

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: எங்க சனங்களுக்குக் கட்டாயச் சேவை புதுசா என்ன?

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கம் கண்மாய்த் தண்ணியில் விளையுற பூமி. அதனால் கண்மாயை வைத்தே சொல்கிறேன். 1858-ல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் திரட்டலாம். யாரை? உடல் வலுவுள்ள ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களை. கூலி கொடுக்கவும் சட்டம் சொன்னது. ஆனால் அந்தக் கண்மாயில் நெல் விளைவித்த நிலக்காரனை மம்பட்டி எடுக்கச் சொல்லவில்லை. சட்டத்துக்கு வெளியே நடந்தது இன்னும் மோசம். இழவு சொல்லப் போகணும், செத்த மாடு தூக்கணும், பறையடிக்கணும். மறுத்தால் அடி. அதற்கு ‘ஊர் வழக்கம்’ என்று பேர்.

தோழர்களே, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். முதல் கூறு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. இரண்டாம் கூறு, பொதுக் காரியத்துக்கு அரசு கட்டாயச் சேவை கேட்கலாம் என்கிறது. ஆனால் மதம், இனம், சாதி, வகுப்பு பார்த்து ஆள் பிரிக்கக் கூடாது. 1858 எழுதி வைத்த ‘வகுப்பை’ 1950 அடித்துப் போட்டது.

காகிதத்தில் அடித்தால் போதுமா? சிங்கப்பூரில் 1967-ல் ஆண்களுக்குக் கட்டாயப் படைச்சேவை வந்தது. எல்லோருக்கும் பொதுச் சட்டம்தான். ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்களைப் பெரும்பாலும் கூப்பிடவே இல்லை. நம்ம ஊரில் கூப்பிடாமல் விடமாட்டார்கள். கூப்பிட்டு வேலையைப் பிரிப்பார்கள். நான் பார்த்த ஒரு மாணவர் முகாமில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஒரு கூட்டம். சாக்கடை அள்ள அழைக்கப்பட்டவர்கள் சேரிப் பையன்கள். யாரும் உத்தரவு போடவில்லை. தானாகவே நடந்தது.

இன்னொன்று, வயித்துப்பாடு. ராஜபாளையம் மில்லுக்கும் சிவகாசிப் பட்டாசுக்கும் போய் வீட்டுக்கு அரிசி வாங்குகிற பிள்ளையிடம் ஓராண்டைச் சும்மா கொடு என்றால் அது யாருடைய தியாகம்? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே நாங்கள் ஓடி ஒளியவில்லை, நிபந்தனை வைக்கிறோம். பணம் கட்டியோ சிபாரிசிலோ தப்பிக்க வழி இருக்கக் கூடாது. குறைந்தபட்சக் கூலி வேண்டும். எந்த வேலை யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். மேலத்தெருப் பிள்ளைக்குச் சாக்கடை விழுந்தால் அவனே மம்பட்டி எடுக்கட்டும்; எங்க பிள்ளைக்கு ஆபீஸ் வேலை விழுந்தால் நாற்காலியில் உட்காரட்டும்.

இதைச் சட்டத்தில் எழுதத் தயாரென்றால் பேசலாம். இல்லையென்றால் அது சேவையில்லை, பழைய ஊழியம். அதைச் செய்ய இனி எங்க வீட்டில் ஆள் இல்லை.