டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஓர் இடம்

எங்கள் புளோக்கில் ஒரு பையன் இருக்கிறான். டிசம்பர் 28ஆம் தேதி பிறந்தவன். அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு காற்பந்துப் பயிற்சிக் குழுவின் தேர்வுக்குச் சென்றான். பந்தை நிறுத்துவதிலும் அதைச் சரியான இடத்திற்கு அனுப்புவதிலும் அவன் கெட்டிக்காரன். ஆனால், அன்று அவனைவிட ஒரு தலை உயரமாக இருந்தவர்கள் தோளால் ஒரு தட்டுத் தட்டியதும் பந்து போய்விட்டது. "தம்பி, கொஞ்சம் வளர்ந்த பிறகு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பியவனிடம் அவன் அம்மா, "இன்னும் நாலு நாள் என் வயிற்றிலேயே இருந்திருக்கலாமேடா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த நான்கு நாள்களைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

அனைத்துலக இளையர் காற்பந்தில் வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி பிறந்தவனும் ஒரே பிரிவில் விளையாடுவார்கள். முப்பது வயதில் இந்த வேறுபாடு ஒன்றுமில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் அப்படியல்ல. அந்த வயதில் ஒரே ஆண்டில் 8 அல்லது 10 சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிற பையன்கள் உண்டு. எங்கள் புளோக்குப் பையன் நான்கு நாள் தாமதமாகப் பிறந்திருந்தால், அவன் பிரிவிலேயே மூத்தவனாக இருந்திருப்பான்.

இதை முதலில் கவனித்தவர்கள் காற்பந்து ரசிகர்கள் அல்லர். 1980களில் கனடாவில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்க உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய மனைவியும் சென்றிருந்தனர். விளையாட்டாளர்களின் பிறந்த தேதிகள் நிகழ்ச்சிக் குறிப்பில் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றை வாசித்த மனைவிக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஏன் இத்தனை பேர் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிறந்திருக்கிறார்கள்? பிறகு காற்பந்திலும் அதே கதைதான் என்று தெரியவந்தது. இங்கிலாந்தில் இளையர் பிரிவுகள் பள்ளி ஆண்டைப் பின்பற்றிச் செப்டம்பரில் தொடங்குகின்றன. அங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிறந்தவர்களே பயிற்சிக் கழகங்களில் அதிகம். ஆகவே, இது ராசியின் வேலையன்று. கோட்டை எங்கே போடுகிறோமோ, அதற்கு அடுத்து நிற்பவர்களுக்கே நன்மை கிடைக்கிறது.

இந்தக் குறை எந்த இடத்தில் பளிச்சென்று தெரியும்? உலகப் புகழ்பெற்ற குழுக்களின் இளையர் அணிகள் மோதும் போட்டிகளில்தான். நம் ஊரின் லயன் சிட்டி கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். அது 1977இல் தொடங்கப்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியை ஃபிஃபா முதன்முதலில் நடத்தியது 1985இல், சீனாவில். அதற்கு நம் போட்டிதான் தூண்டுகோல் என்று மூத்த ரசிகர்கள் இன்றும் பெருமையோடு சொல்வதுண்டு. 2011ஆம் ஆண்டுப் போட்டிக்கு யுவெண்டஸ், எவர்ட்டன், நியூகாசல் யுனைடெட், பிரேசிலின் ஃபிளமெங்கோ ஆகியவற்றின் இளையர் அணிகள் ஜாலான் புசார் அரங்கத்திற்கு வந்தன. மறு ஆண்டு அயாக்ஸ், போர்ட்டோ, மான்செஸ்டர் சிட்டி, வாஸ்கோ ட காமா ஆகியவை வந்தன. தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த சட்டைகளை அணிந்தவர்களுக்கு எதிராக, நம் அண்டை வீட்டுப் பிள்ளைகள் களமிறங்கினார்கள். அதைவிட நல்ல பாடம் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குக் கிடைக்குமா? இத்தகைய போட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

என் கேள்வி, அந்தப் பாடம் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான். 2011 போட்டியில் நம் ரசிகர்களைக் கவர்ந்த ஆடம் ஸ்வாண்டி, பிறகு பிரான்சின் மெட்ஸ் குழுவில் பயிற்சி பெறச் சென்றார். அவர் 1996 ஜனவரியில் பிறந்தவர். அவருடைய திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஜனவரியில் பிறந்த எல்லாரும் மெட்ஸுக்குப் போய்விடவில்லையே! ஆனால், அதே ஆண்டு நவம்பரிலோ டிசம்பரிலோ பிறந்து, அதே அளவு திறமை பெற்றிருந்த ஒருவன் தேர்வுத் திடலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், அவன் பெயர் நமக்குத் தெரிய வழியே இல்லை.

1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்கு விளையாடிய நம் வி. சுந்தரமூர்த்தி அக்டோபரில் பிறந்தவர். பந்தைக் காலோடு கட்டிவைத்ததுபோல் ஓடும் வித்தைக்காகவே அவர் பேசப்பட்டார். உடல் வலிமைக்காக அன்று. பதின்மூன்று வயதில் யாராவது அவரையும் "வளர்ந்த பிறகு வா" என்று அனுப்பியிருந்தால்?

பெல்ஜியம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. வழக்கமான இளையர் தேசிய அணியோடு, உடல் மெதுவாக வளரும் பிள்ளைகளுக்காக 'ஃபியூச்சர்ஸ்' என்ற இன்னோர் அணியையும் அது வைத்திருக்கிறது. அந்த அணியும் நாட்டின் சட்டையை அணிந்து பிற நாடுகளுடன் விளையாடுகிறது. நாமும் இதைச் செய்யலாம். லயன் சிட்டி கிண்ணத்தில் சிங்கப்பூர் இரண்டு அணிகளைக் களமிறக்கியது: ஒன்று 16 வயதுக்குட்பட்டோர், மற்றது 15 வயதுக்குட்பட்டோர். இதுபோன்ற போட்டி அடுத்து நம் ஊரில் நடக்கும்போது, அந்த இரண்டாவது இடத்தை மெதுவாக வளர்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பிறந்த மாதத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. டிசம்பரில் பிறந்தும் பன்னிரண்டு வயதிலேயே மீசை முளைத்தவர்கள் இருக்கிறார்கள்! உடல் வளர்ச்சியை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

"நுழைவுச்சீட்டு வாங்கி வருபவர்கள் நம் அணி ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்பதையா பார்க்க வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். தோற்கக்கூடும். யுவெண்டஸ் பையன்களிடம் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருக்கவும் கூடும். ஆனால், அங்கே வாங்கும் கிண்ணம் யாருடைய பிற்காலத்தையும் முடிவு செய்வதில்லை. தன்னைவிட வலியவனிடமிருந்து பந்தை எப்படிக் காப்பாற்றுவது என்று சிறிய உடல்காரன் பதினைந்து வயதில் கற்றுக்கொண்டால், பதினெட்டு வயதில் உடலும் வளர்ந்தபின் அவன் எப்படி ஆடுவான் என்று நண்பரிடம் கேட்டேன். "அதுவரை அவன் காற்பந்தை விடாமல் இருந்தால்தானே?" என்றார் அவர்.

எங்கள் புளோக்குப் பையனுக்கு இப்போது பதினாறு வயது. என்னைவிட உயரமாகிவிட்டான். மாலை வேளைகளில் தெருக்காற்பந்துத் திடலில் அவன் விளையாடுவதைப் பார்க்கிறேன். பந்து இன்னும் அவன் சொன்னபடி கேட்கிறது. "மறுபடியும் தேர்வுக்குப் போய்ப் பாரேன்" என்றேன். "போங்க மாமா, இனிமேல் எங்கே? அவங்கெல்லாம் மூன்று வருஷமா ஒண்ணாப் பயிற்சி செய்றாங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்க ஓடினான்.