விஸ்கி வேனும் லிமிடெட் எடிஷனும்

மக்களே, ஒண்ணை உடைச்சே சொல்லிடறேன். பக்கவாட்டுல விஸ்கி விளம்பரம் போட்ட குட்டி டை-காஸ்ட் வேன்களை "பின்னாடி நல்ல விலைக்குப் போகும்"னு நம்பி வாங்கி அடுக்காதீங்க. பிடிச்சிருந்தா வாங்குங்க. அவ்வளவுதான்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் வரலாறு. மேட்ச்பாக்ஸ் கார்களைச் செஞ்ச லண்டன் கம்பெனி லெஸ்னி, 1982-ல திவாலாச்சு. அதை வளர்த்தவங்கள்ல ஒருத்தரான ஜாக் ஓடெல், தன் பேரோட ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு லெடோன்னு புதுக் கம்பெனி தொடங்கினார். 1983-ல அவங்களோட 'டேஸ் கான்' வரிசை வந்தது. ஃபோர்டு மாடல் டி மாதிரி பழங்கால வேன்கள்தான் அதுல விசேஷம்.

சூட்சுமம் எங்கன்னா, வார்ப்பு அச்சு செய்யத்தான் செலவு அதிகம். அது ஒருமுறை தயாராயிட்டா, மேல இருக்கற எழுத்தை மட்டும் மாத்திக்கிட்டே போகலாம். நம்ம பாஷைல சொன்னா ஒரே கிளாஸ், ஆயிரம் ஆப்ஜெக்ட் :-) மெத்துனு இருக்கற சிலிக்கோன் திண்டு மையை எடுத்து வேன் மேல ஒத்தும். அதுக்கு டாம்போ பிரிண்டிங்னு பேரு. இன்னிக்கு டீ, நாளைக்கு சோப்பு, அடுத்து விஸ்கி.

விஸ்கி கம்பெனிக்கு இது ஏன் இவ்வளவு பொருத்தம்? அவங்க விக்கறதே பழமையைத்தான். ஆனா ஸ்காட்ச்னு பேர் வைக்கணும்னா சட்டப்படி குறைஞ்சது 3 வருஷம் ஓக் பீப்பாய்ல ஊறணும். வேனுக்குப் பழமை சில நொடியில வந்துடும்!

இப்ப விலைக்கு வருவோம். 1950கள்ல வந்த மேட்ச்பாக்ஸ் கார், பெட்டியோட பளபளன்னு கிடைச்சா ஏன் விலை? அந்தக் காலத்துப் பசங்க மண்ணுல உருட்டி, பெயிண்ட் உதிர்ந்து, சக்கரம் கழண்டு, முக்கால்வாசி அழிஞ்சு போச்சு. மிஞ்சினது கொஞ்சம். விஸ்கி வேனை யாரும் உருட்டலை. வாங்கின எல்லாரும் பெட்டியைப் பிரிக்காம, சான்றிதழோட பத்திரமா வச்சுட்டாங்க. எல்லார்கிட்டயும் புதுசா இருந்தா அது எப்படிங்க அரிய பொருளாகும்? "லிமிடெட்"ங்கறது எத்தனை செஞ்சாங்கங்கற கணக்கு. எத்தனை பேருக்கு வேணும்ங்கறதுதான் விலை.

ரிட்டயர் ஆன காசை இதுல போட்டு வச்சவங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு.

அதனால நான் சொல்றது: பெட்டியைப் பிரிங்க. விரல் நீள வண்டியில எறும்பு சைஸ் எழுத்து எப்படி இவ்வளவு துல்லியமா விழுந்திருக்குன்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. வீட்ல குட்டிப்பசங்க இருந்தா விளம்பரம் இல்லாத வேனைக் கொடுங்க, உருட்டட்டும். உங்க அலமாரில பிரிக்காத பெட்டி எத்தனை இருக்கு? சொல்லிட்டுப் போங்க.